ருசி பார்ப்பவரின் கன்னத்துக்குள் போன திருகாணி

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணை மூடலாம் என்று படுத்தபோது போன் அடித்தது. எங்கள் துறையில் முன்பு பயிற்சிக்கு இருந்துவிட்டு இப்போது தனியாகப் பல் கிளினிக் நடத்தும் பெண். எடுத்ததுமே "மேடம், போயிருச்சு மேடம்" என்று அழுதாள். யார் போனார்கள், என்ன ஆயிற்று என்று பதறி எழுந்து உட்கார்ந்தேன்.

"இம்ப்ளாண்ட் மேடம். திருகிக்கிட்டே இருந்தேன். பொசுக்குன்னு மேல போயிருச்சு. கண்ணுக்கே தெரியல."

ஆளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அடுத்த நொடியே எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "மொதல்ல நீ உக்காரு. அவரையும் நிமிந்து உக்கார வை. அந்த ஓட்டைக்குள்ள இடுக்கிய உட்டுத் துழாவாத. மூக்கச் சிந்த வேண்டாம்னு சொல்லு. படம் எடுத்து அனுப்பு. குடி ஒண்ணும் முழுகிப் போகல" என்றேன். படம் வந்தது. எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்கே அனுப்பச் சொன்னேன். மறுநாள் எடுத்துவிட்டார்கள். நோயாளி சௌக்கியம்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டு, "எப்படி மேடம் கொட்டாவி விட்டுக்கிட்டே சொன்னீங்க? உங்களுக்கெல்லாம் பயமே வராதா?" என்று கேட்டாள். கொட்டாவி வந்தது தூக்கத்தால். பயம் வராமலா! நான் நன்றாகவே பயந்த ஒரு கதை இருக்கிறது, எழுதியே அனுப்புகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். அதுதான் இது.

பல் மருத்துவம் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே, கன்னத்து எலும்புக்குள் காற்று மட்டும் இருக்கும் ஒரு வெற்றிடம் உண்டு. அதுதான் சைனஸ். அதற்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சின்ன வழி. கடைவாய்ப் பல் விழுந்து பல வருஷம் ஆனவர்களுக்கு, அந்த இடத்து எலும்பு அப்பளம் போல மெலிந்துவிடும். அதில் செயற்கைப் பல்லுக்கு அடித்தளமாக ஒரு டைட்டானியம் திருகாணியை இறக்குகிறோம், அதுதான் இம்ப்ளாண்ட். எலும்பு கவ்விக்கொண்டால் ஆயுசுக்கும் நிற்கும். கவ்வாவிட்டால் சில சமயம் மேலே நழுவி அந்த வெற்றிடத்துக்குள் விழுந்துவிடும். உயிருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கேயே விட்டால் சீழ் பிடிக்கும், கன்னம் கனக்கும், மூக்குக்குள் சதா அழுகல் நாற்றம் அடிக்கும். எடுத்தே ஆகவேண்டும்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. வீட்டில் எல்லோரும் தென்னையும் நிலக்கடலையுமாகக் கிடந்தவர்கள். நான் மேல்படிப்புக்குக் கிளம்பியபோது அப்பா, "ஏங்கண்ணு, பல்லப் புடுங்கறதுக்கா இத்தன வருசம் படிக்கோணும்?" என்று கேட்டார். வாய், தாடை அறுவைச் சிகிச்சை என்று விளக்கினேன். "செரி, புடுங்கறதுதான்" என்று முடித்துவிட்டார். படித்தேன், பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. நான் தொழில் கற்றது வைத்தி சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டபோதுதான்.

வைத்தி சார் எங்கள் துறைத் தலைவர். கல்பாத்திக்காரர். ஒல்லியாக, வெடவெடவென்று இருப்பார், குரல் மட்டும் மைக் வைத்தது போல் கேட்கும். நல்ல மனுஷர் என்று வெளியாட்கள் சொல்வார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் அவரோடு நின்றவர்கள் யாரும் அப்படிச் சட்டென்று சொல்லமாட்டோம். கத்தியைக் கையில் எடுக்குமுன் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரிடமும், "நெனச்ச எடத்தில இல்லேன்னா என்ன பண்ணுவாய்?" என்று கேட்பார். "இருக்கும் சார்" என்று சொன்னவன் செத்தான். என்னுடைய 'ங்க' அவருக்கு ஆகவே ஆகாது. "சார், அது வந்துங்க, என்னன்னாங்க..." என்று நான் இழுத்தால், "நீ ஒவ்வொரு ங்கவா போட்டு முடிக்கறதுக்குள்ள ஆள் எழுந்து ஆத்துக்குப் போயிடுவான். விஷயத்தைச் சொல்லு" என்பார். அவரே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'கேட்டியா' வைப்பார். அதை யார் சொல்வது!

சைனஸுக்குள் விழுந்த இம்ப்ளாண்ட் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் நாள் எவ்வளவு உசத்தியான ஸ்கேன் எடுத்திருந்தாலும் சரி, ஆபரேஷன் மேஜையில் ஆள் படுத்த பிறகு அங்கேயே இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும், எல்லோரும் கனமான ஈய அங்கியை மாட்டவேண்டும், படம் வரும்வரை கைகட்டி நிற்கவேண்டும். மயக்க மருந்து டாக்டர் முணுமுணுப்பார். நாங்களும் மனசுக்குள் திட்டுவோம். ஒரு தடவை நான் வாய்விட்டே சொன்னேன், "நேத்துப் படம் இருக்குதுங்களே சார்" என்று.

"நேத்து எங்க இருந்ததுன்னு எனக்கு என்னத்துக்கு? இப்போ எங்க இருக்காக்கும் அது? அதைச் சொல்லு."

சித்தூர் டீச்சர் வந்த பிறகு நான் திட்டுவதை நிறுத்தினேன். அந்த அம்மாளுக்கும் இதே கதை. ஸ்கேனில் இம்ப்ளாண்ட் பளிச்சென்று தெரிந்தது. நாள் குறித்தோம். மேஜையில் படுக்க வைத்து, மயக்கம் கொடுப்பதற்கு முன்பாகப் படம் எடுத்தால், சைனஸ் காலி. வலமா இடமா என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. டீச்சரையே கேட்டோம். யோசித்து யோசித்து, "முந்தாநாள் தும்முனேனுங்க. வாஷ்பேசின்ல டொக்குனு என்னமோ உழுந்துச்சு. கொழாயில இருந்து கழண்ட திருகாட்ட இருந்துச்சு. பிளம்பர் வந்தா குடுக்கலாம்னு சன்னல்ல வெச்சிருக்கறேனுங்க" என்றார். சார் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். கீறலே இல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். அந்தத் திருகை பிளம்பரிடம் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

இனி சுடலைமுத்து.

அவரை அழைத்து வந்தது ரேவதி. எங்களிடம் பயிற்சி முடித்து, ஏலப்பாறைப் பக்கம் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். அவளே கார் ஓட்டிக்கொண்டு மலையிறங்கி அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் யார் நோயாளி என்று சந்தேகம் வரும். சுடலைமுத்து ஐம்பதைத் தாண்டிய, கட்டையான, அமைதியான ஆள். கூட அவர் மனைவி பேச்சி. ரேவதி நடந்ததைச் சொன்னாள். வலப்பக்க மேல் கடைவாயில் இம்ப்ளாண்ட் வைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மேலே பல் பொருத்துவதற்காக ஈறைத் திறந்து மூடியைத் திருகியபோது, திருகாணி நழுவி மேலே போய்விட்டது. அவள் துழாவவில்லை. மூடித் தையல் போட்டு, ஸ்கேன் எடுத்து, மாத்திரை கொடுத்து, எங்களிடம் நாள் கிடைத்ததும் இரண்டு வாரத்தில் அழைத்து வந்துவிட்டாள். நல்ல பிள்ளை, எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள்.

"எலும்பு நல்லா இருந்துச்சு மேடம். ஏன் கவ்வலைன்னே தெரியல. மூக்கைச் சிந்தாதீங்க, ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சாதீங்கன்னு எல்லாம் சொன்னேன். அவரும் அப்படியே இருந்தாரு."

"ஆமா டாக்டரம்மா" என்றார் சுடலைமுத்து. "மூக்கத் தொடக்கூட இல்ல. மெல்லத் தொடச்சுக்கிடுவேன், அவ்வளவுதான்."

வார்டில் சேர்த்தோம். மத்தியானம் ரவுண்ட்ஸ் போனபோது நர்ஸ் அவருக்கு மாத்திரை போட வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்ளரை வாயருகே கொண்டுபோனவர், முதலில் அதன்மேல் குனிந்து மூக்கால் ஓர் இழுப்பு இழுத்தார். விலா எலும்பு ஏறி இறங்கியது. பிறகு உதட்டைக் குவித்து 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார் பாருங்கள், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெறும் வெந்நீருக்கு இந்தக் கூத்து!

"என்னங்க இது, இப்படிக் குடிக்கறீங்க?"

அவர் வெட்கப்பட்டுப் போனார். "பழக்கதோசம் டாக்டரம்மா. நான் ஃபேக்டரில டீ ருசி பாக்குதவன். வரிசையா கிண்ணம் வச்சிருப்பாவ. ஒவ்வொண்ணா மோந்து பாத்து, கரண்டில எடுத்து உறிஞ்சித் துப்பணும். காலைல போனா உச்சி வரைக்கும் அதான் வேல."

"பல்லு வெச்சதுக்கு அப்பறமும் போனீங்களா?"

"லீவு கெடையாதுல்லா. ரெண்டாம் நாளே போயிட்டேன்."

ரேவதி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். தொழில் என்ன என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் 'தோட்டத்துல வேல' என்று சொல்லியிருக்கிறார். கொழுந்து பறிக்கிறவரோ, மெஷினில் நிற்கிறவரோ என்று அவள் விட்டுவிட்டாள். அவரோ சொன்னதில் ஒன்றையும் மீறவில்லை. மூக்கைச் சிந்தாதே என்றார்கள், சிந்தவில்லை. ஸ்ட்ரா வேண்டாம் என்றார்கள், தொடவில்லை. பலமாக மோந்து பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லையே! நெஞ்சு நிறைய மூக்கால் இழுக்கும்போதெல்லாம் சைனஸுக்குள்ளிருந்தும் காற்று இழுபடும். எலும்பு கவ்வவேண்டிய திருகாணியை அந்த மனுஷர் தினமும் காலையிலிருந்து உச்சிவரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுதான் முழுக் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். எனக்கு அப்படித்தான் பட்டது.

"இப்ப வாசனை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

அவர் பேச்சியைப் பார்த்தார். பேச்சி, "நான் வெளிய போயி நிக்கட்டா?" என்றாள். "நீ இருட்டி, எங்கயும் போவாண்டாம்" என்றுவிட்டு என்னிடம் சொன்னார்.

"ஒரே நாத்தம் டாக்டரம்மா. ரோஜாப்பூவ வச்சாலும் நாத்தம், கொழுந்த வச்சாலும் நாத்தம். எல்லாக் கிண்ணமும் ஒண்ணாட்டம் இருக்கு. போன வாரம் கருகுன சரக்க நல்ல சரக்குன்னு சொல்லிட்டேன். மேனேஜர் ஒண்ணும் சொல்லல. ஆனா மறுநாளு எம் பக்கத்துல இன்னொரு ஆள நிறுத்திட்டாரு. மூக்கு திரும்பலன்னா நான் அந்த மேசையில நிக்க முடியாது. வேற வேல குடுப்பாவ, குடுக்காம இல்ல. ஆனா எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

பேச்சிக்கு இது அப்போதுதான் தெரியும். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

வைத்தி சார் வந்து பார்த்துவிட்டு, எடுப்பதற்கு இரண்டு வழிகள் என்றார். ஒன்று, மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கன்னத்து எலும்பில் ஜன்னல் போல ஒரு திறப்பு வைத்து எடுப்பது. இன்னொன்று, காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா பொருத்திய குழாயை மூக்கு வழியே விட்டு எடுப்பது. இரண்டுமே நல்ல வழிகள்தாம். சுடலைமுத்து இரண்டாவதைக் கேட்டதும் கட்டிலைவிட்டே இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மூக்குப் பக்கம் மட்டும் யாரும் கை வைக்காண்டாம். வாய ஒடச்சுக்கூட எடுத்துக்கிடுங்க. மூக்கு வேண்டாம் சார்."

வாசனை அறியும் நரம்பு மூக்கின் உச்சியில் இருக்கிறது, அங்கே யாரும் போகமாட்டார்கள் என்று நான் படம் போட்டு விளக்கினேன். அவர் காதில் ஏறவே இல்லை. வைத்தி சார் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இதோ பாரு முத்து. மொதல்ல வாய் வழியா ஜன்னல் வெச்சுப் பாக்கறேன். அங்க கெடைக்கலேன்னா மூக்கு வழியாப் போய்த்தான் ஆகணும். உள்ள விட்டுட்டு மூடமாட்டேன். கேட்டியா? சம்மதமா?" சுடலைமுத்து தலையாட்டினார்.

மறுநாள் காலை தியேட்டர். மூக்கு டாக்டரும் தம் குழாயோடு ஓரமாகத் தயாராக நின்றார். சுடலைமுத்துவைப் படுக்க வைத்து மயக்கம் கொடுத்தோம். எதுவும் தவறித் தொண்டைக்குள் போய்விடாதபடி தொண்டையில் ஈரத்துணி வைத்து அடைத்தாயிற்று. சார் வழக்கம்போல, "படம்" என்றார். அன்று யாரும் முணுமுணுக்கவில்லை.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ரேவதி எடுத்த ஸ்கேனில் திருகாணி சைனஸின் தரையில், முன்பக்கமாக, ஜன்னல் வைத்தால் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. இப்போது அங்கே இல்லை. பின்சுவரை ஒட்டி, கடைசி மூலையில் போய்க் கிடந்தது. சார் "ம்" என்றார். "ஜன்னல் வெச்சுடலாம். சொன்ன வாக்கு இருக்கே" என்றார்.

ஈறுக்கு மேலே கீறி, சதையை எலும்பிலிருந்து மெல்லப் பெயர்த்து மேலே ஒதுக்கினார். கன்னத்துக்கு வரும் நரம்பு அங்கேதான் இறங்குகிறது, அதைத் தொடாமல் கீழாக, உருண்டைத் தலை வைத்த சின்ன ட்ரில்லால் எலும்பைச் சுற்றிச் சுரண்டினார். கட்டைவிரல் நகமளவு ஜன்னல். உள்ளே சவ்வு சிவந்து வீங்கியிருந்தது. அதைத் திறந்ததும் சீழ் வந்தது. மாஸ்க்கைத் தாண்டி நாறியது. இந்த நாற்றத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனுஷர் தினமும் டீக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! கழுவினோம், உறிஞ்சி எடுத்தோம், மறுபடி கழுவினோம். சின்ன வாய்க் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். ஆழத்தில் ஒரு மினுக்கு.

வளைந்த இடுக்கியை உள்ளே விட்டார். எட்டியது, நுனி பட்டது, வழுக்கியது. மினுக்கு இன்னும் மேலே போயிற்று. இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம். சார் இடுக்கியை வெளியே எடுத்துவிட்டார். "போறும். இனிமே தொடப்படாது. தள்ளிண்டேதான் போவோம்."

மூக்கு டாக்டர் மெதுவாக, "நான் வரட்டுமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் வந்திருந்தால் எடுத்தும் இருப்பார். ஆனால் எனக்கு அந்த நேரத்தில், கட்டிலைவிட்டு இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்ட அந்த மனுஷர்தான் கண்ணில் நின்றார். நான் சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். ஸ்கேன் எடுக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது மல்லாந்து படுத்திருக்கிறார். தீப்பெட்டிக்குள் கோலிக்குண்டு மாதிரி, பெட்டியை எப்படி வைக்கிறோமோ அப்படித்தானே அதுவும் உருளும்?

"சார்... வந்துங்க... ஆளத் தூக்கி உக்கார வெச்சுரலாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மயக்க மருந்து டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. மயக்கத்தில் இருப்பவரை நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் இறங்கும், விளையாட்டா என்றார். சார் என்னையே பார்த்தார். ஒரு 'ங்க'வுக்கும் திட்டவில்லை. மயக்க மருந்து டாக்டர் பக்கம் திரும்பி, "மெதுவா. கொஞ்சம் கொஞ்சமா. நீர் நிறுத்துன்னா நிறுத்திடறோம்" என்றார்.

மேஜையின் தலைப்பக்கத்தை ஏற்ற ஆரம்பித்தோம். நான் சுடலைமுத்துவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். கொஞ்சம் ஏற்றுவோம், நிற்போம். மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்த்து, "ம், இன்னும் கொஞ்சம்" என்பார். மறுபடி ஏற்றுவோம். ஒரு தடவை "நிறுத்து!" என்று கத்தினார், நின்றோம், ஊசி மருந்து ஏற்றினார், சரியாயிற்று. கடைசியில் மனுஷர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவது போல் இருந்தார். சார் இளஞ்சூடான உப்புநீரை ஜன்னல் வழியே பின்பக்கமாகப் பீய்ச்சினார். தண்ணீர் திரும்பி வழிந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி பீய்ச்சினார். நான் தலையை ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்தேன்.

ஜன்னல் விளிம்பில் வந்து எட்டிப் பார்த்தது! சார் உறிஞ்சுகுழாயின் நுனியை வைத்தார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அப்படியே வெளியே எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டார். அந்தச் சத்தத்தை விட இனிமையான சத்தத்தை நான் சர்வீஸில் கேட்டதில்லை. ரேவதி ஒரு மூலையில் மாஸ்க்கோடு விசும்பினாள். "அழறதுன்னா வெளில போய் அழு. எனக்கு இன்னும் தையல் இருக்கு" என்றார் சார். திருகாணி முதலில் நழுவிப் போன ஓட்டையைக் கன்னத்துச் சதையை இழுத்து மூடித் தைத்தோம்.

மயக்கம் தெளிந்ததும் சுடலைமுத்து முதலில் கேட்டது, "எந்த வழியா?" என்றுதான். வாய் வழிதான் என்றேன். கண்ணை மூடித் திரும்பத் தூங்கிவிட்டார். எனக்கு அப்போதுதான் பசிக்கவே ஆரம்பித்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நான் பேச்சியிடம்தான் சட்டம் போட்டேன். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். நாங்கள் சொல்லும்வரை ஃபேக்டரி பக்கமே போகக்கூடாது. எதையும் மோந்து பார்க்கக்கூடாது, உறிஞ்சக்கூடாது. டீயை ஆற வைத்து அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வேண்டும். "மலை ஏறி எறங்கும்போது காதடைச்சா மூக்கப் புடிச்சு ஊதுவீங்களே, அதுவும் கூடாது. கொட்டாவி விடச் சொல்லுங்க" என்றேன். பேச்சி, "நீங்க கவலப்படாதீங்க டாக்டரம்மா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பார்த்துக்கொண்டாள். வீட்டில் டீத்தூள் டப்பாவை அவர் கண்ணில் படாமல் ஒளித்தே வைத்திருந்தாளாம்.

வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். முதல் போனில், "நாத்தம் போயிட்டு டாக்டரம்மா!" என்று சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த வாரம் குரல் இறங்கியிருந்தது. "நாத்தம் இல்ல. ஆனா வாசமும் இல்ல. ஒண்ணுமே இல்ல." வீக்கம் வடிய நாள் ஆகும், பொறுங்க என்றேன். அதற்கடுத்த வாரமும் அதே பதில். புது சீசன் ஆரம்பிக்கும்போது மேசையை யாரிடம் கொடுப்பது என்று மேனேஜர் முடிவு செய்யப்போகிறார் என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திருகாணியை எடுத்துவிட்டோம், படம் சுத்தம், புண் ஆறிவிட்டது. புத்தகப்படி வெற்றிதான். ஆனால் அந்த மனுஷருக்கு மூக்கு வராவிட்டால் என்ன வெற்றி? வைத்தி சாரிடம் சொன்னால் "வரும், பொறு" என்பார். ஆனால் என் போன் அடித்தால் போதும், அடுத்த அறையிலிருந்து, "ஏலப்பாறையா?" என்று குரல் வரும்.

சோதனைக்கு அவர்கள் வந்த அன்று வெளிநோயாளிப் பிரிவில் நல்ல கூட்டம். பேச்சி ஒரு டப்பாவில் தோட்டத்து டீத்தூள் கொண்டுவந்திருந்தாள். இனி மோந்து பார்க்கலாம் என்று நான் சொன்னதும் டப்பாவை நீட்டினாள். சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம். இங்க வச்சு வேண்டாம். வரலன்னா இத்தன பேரு முன்னால நான் என்ன செய்ய?"

"ஷெரி, வாயைத் திற, புண்ணைப் பாப்போம்" என்று வைத்தி சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கைத் திருப்பி, கண்ணாடியை உள்ளே விட்டு, முகத்துக்கு முகம் குனிந்தார். பின்னால் பயிற்சி டாக்டர்கள், நர்ஸ், வரிசையில் காத்திருக்கும் ஜனம். சாருக்குப் பேச ஆரம்பித்தால் நிற்காது. "பாத்துக்கோங்கோ, எவ்வளவு நன்னா ஆறிருக்கு. இதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. மூக்கு கோவிலாக்கும். அதுக்குள்ள எதுவும் போகப்படாது, எதையும் போடப்படாது..."

சுடலைமுத்து திறந்த வாயோடு அசைந்தார். பிறகு சாரின் கையைப் பிடித்து விலக்கினார். வலிக்கிறதோ என்று நான் பதறினேன். அவர் சாரையே உற்றுப் பார்த்தார்.

"சார்... நீங்க மூக்குப்பொடி போடுவீயளோ?"

சார் முகம் குங்குமமாகிவிட்டது. இத்தனை வருஷம் அவர் பக்கத்திலேயே நின்றவள் நான், எனக்கே தெரியாது. "யாருடா சொன்னா உனக்கு?" என்றார்.

"யாரும் சொல்லல சார். வாசம் வருது."

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. "ஏட்டி... வருதுட்டி" என்றார் பேச்சியைப் பார்த்து. பேச்சி டப்பாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழாமல் என்ன செய்வது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வைத்தி சார் எழுந்து நின்றார். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "ஆமாம்! போடறேன்! காலேஜ் நாள்லேர்ந்து போடறேன். என் ஆத்துக்காரிக்கே தெரியாது. இவன் மூக்கு கண்டுபிடிச்சுடுத்து, கேட்டேளா எல்லாரும்?" என்று மண்டபமே அதிரும்படி கத்தினார்.

சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணங்கள் முன்னால் நிற்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக, மிக மெதுவாக மூச்சை இழுத்தார்.

"இதுல சேத்திருக்கது பழைய நெய்யி சார். சிக்கு வாடை அடிக்கி. இனிமே அந்தக் கடையில வாங்காதீய."